வெள்ளையடித்த ஸ்டேஷன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ரயில் லைன் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தவள் நான். அந்த லைன் போட்டிருந்த பலகையின் முனை இடித்த தழும்பு என் முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபயர்மேன். கரி இன்ஜினில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுகிற வேலை. பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து அந்த வேலையில் போய்ச் சேர்ந்தவர். செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே எங்கள் காஞ்சிபுரம் வழியாக ஓடுகிற சின்ன லைனில்தான் பெரும்பாலும் டியூட்டி. வண்டி ஊருக்குள் வரும்போது ஊதுகிற ஊதலை வைத்தே, "என் புள்ள வண்டி" என்பார் மாமியார். பாதி நாள் அது வேறு யாரோ வண்டியாக இருக்கும். அதை நான் சொன்னதில்லை. சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அறுபதுகளின் கடைசியில் அவருக்குக் கண்ணில் புகைமூட்டம் வந்தது. இன்ஜின் புகையில் நிற்கிறவருக்குக் கண் எரியாமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். பிறகு ரயில்வே வைத்தியப் பரிசோதனையில் கண் தேறவில்லை. கைகாட்டியின் நிறம் தெரியாதவரை இன்ஜினில் ஏற்ற முடியாது, அது நியாயம்தான். மருந்து எழுதிக் கொடுத்து, பொங்கலுக்கு அப்புறம் மறுபடி சோதிக்கிறோம், தேறினால் இன்ஜின், தேறாவிட்டால் வேறு ஏதாவது சின்ன வேலை பார்க்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்ஜினை விட்டு வேறு வேலைக்குப் போவதில்லை என்று இவர் ஒரே பிடியாக இருந்தார். வெயிட்டிங் ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்காருவதற்கா இத்தனை வருஷம் நெருப்பில் வெந்தேன் என்று கேட்டார். பொங்கலுக்கு அப்புறம் நடக்கப்போகிற அந்தப் பரிசோதனையில்தான் எங்கள் வீடே தொங்கிக்கொண்டிருந்தது.

வயிறு பொங்கல்வரை காத்திருக்காது. மாமனார் விட்டுப்போன தறியில் நான் உட்கார்ந்தேன். நான் ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள், எனக்கு அது புதிதில்லை. ஆனால் ரயில்வே மாப்பிள்ளை என்று பெருமையாகக் கட்டிக்கொடுத்த பிறகு மறுபடி அதே குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது இருக்கிறதே, உடம்பைவிட மனசு அதிகமாக வலித்தது. உடம்பும் கொஞ்சமாக வலிக்கவில்லை. சாயங்காலம் எழுந்திருக்கும்போது முதுகு தனியாக எழுந்திருக்கும், நான் தனியாக எழுந்திருப்பேன்.

அப்போதுதான் ரயில் வந்தது. இவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருநாள் பார்க்க வந்தார். வரும்போது சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு தகர ரயிலைக் கையில் கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜின், இரண்டு பெட்டி, மாட்டிக் கழற்றுகிற தகரத் தண்டவாளம். பிள்ளையில்லாத வீட்டுக்கு விளையாட்டு ரயிலா என்று மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் சுருக்கென்றது. அந்த மனுஷர் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வரக்கூடாது என்று கொண்டுவந்தார். டிரைவர் போனதும் இவர் தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தை மாட்டினார். சாவி கொடுத்தார். அது கிறுகிறுவென்று சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பழைய கட்டில் பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் நான்கு செங்கல் அடுக்கின்மேல் போட்டார். ஒரு வாரத்தில் அதன்மேல் காஞ்சிபுரம் ஸ்டேஷன் எழும்பியது. பட்டுச் சேலை வைத்துக் கொடுக்கிற அட்டைப்பெட்டிதான் சுவர். புளியங்கொட்டைப் பசை. வேலிக்கு, நான் கழித்துப்போட்ட, இழை கோக்கிற தறி அச்சிலிருந்து உருவிய மெல்லிய குச்சிகள். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தூணுக்கு ஒரு பழைய தார்க்குச்சி, ஊடை நூல் சுற்றுகிறது. நான் தேடிக்கொண்டிருந்த தார்க்குச்சி அது. கேட்டால், "ஸ்டேஷன்ல நிக்குது, போய் எடுத்துக்கோ" என்று சிரித்தார்.

கட்டி முடித்தபோது அழகாகத்தான் இருந்தது. நானே உட்கார்ந்து பார்த்தேன். புது அட்டை, நேர்கோடு, மஞ்சள் சுவர். இவர்தான் உதட்டைப் பிதுக்கினார். இது ஸ்டேஷன் இல்லை, கல்யாணப் பத்திரிகை என்றார். அதற்குப் பிறகு ஆரம்பித்தது அழுக்குப் பண்ணுகிற வேலை. கட்டியதைவிட அழுக்காக்கத்தான் அதிக நாள் பிடித்தது. சிம்னி விளக்கின் கரியைச் சுரண்டிச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தார். டீத் தண்ணீரை வற்றக் காய்ச்சிச் சுவரில் விட்டார். துருப்பிடித்த ஆணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு கறுப்பு எடுத்தார், அது சாயம் போடுகிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. செங்கல் பொடி கூரை ஓட்டுக்கு. பிளாட்பாரத் தூணின் அடியில் வெற்றிலை எச்சில் கறை வேண்டும் என்று, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சிவப்பாக்கித் தெளித்தார். நிஜ எச்சிலே வேண்டுமானால் நான் துப்புகிறேனே என்று மாமியார் சொன்னார். அவர் பேச்சில் எது கேலி, எது கோபம் என்று பிரிப்பது கஷ்டம்.

அழுக்கிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "ரயில் போற எடத்துல புகை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியா அடிக்கும்? இன்ஜின் நிக்கிற பக்கம்தான் கறுக்கும். மழைத் தண்ணி ஒழுகுற எடத்துல அந்தக் கறுப்பு கோடு கோடா எறங்கிக்கினு வரும்" என்றார். அப்படித்தான் செய்தார். தண்ணீர்த் தூணுக்கு எதிர்ச் சுவர் கருமை. அந்தாண்டை மஞ்சள் அப்படியே. கூரை விளிம்பிலிருந்து மெல்லிய கோடுகள். தூணின் அடியில் நனைந்து நனைந்து பாசி பிடித்த இடத்துக்கு, சாயப்பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த பச்சைச் சாயத் தண்ணீர். பலகைக்கு முன்னால் குனிந்து பார்த்தால், வண்டிக்காகக் காத்திருந்து அலுத்துப்போன நிஜ ஸ்டேஷன்போலவே இருந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், நம் நிலைமையைத்தான் கட்டிவைத்திருக்கிறார் என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது, கெடுப்பானேன்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கறுப்பு வீட்டை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு யாராவது கும்பிடுவார்களா என்று தினமும் ஒருமுறை கேட்பார். அவர் தன் பங்குக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை தெருவில் வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் முதல் கட்டு. அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார். கார்த்திகை மாசத்தில், எங்கள் ஊரில் கடை ஞாயிறு என்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் தலையில் மாவிளக்குச் சட்டியை ஏந்திக்கொண்டு சுற்றினார். தலையில் வருகிற நோய் எல்லாம் அதில் தீரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். நெய் உருகிக் காதில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை அவர். பின்னாலேயே நடந்த எனக்கு, அன்று தறியிலிருந்து வெட்டிக் கொடுக்கவேண்டிய சேலை நினைவாகவே இருந்தது.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். பரிசோதனையில் நிறம் கேட்பார்கள் என்று, காலையில் அவரை வாசலில் உட்காரவைத்துப் பழக்கினேன். எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். கோடிவீட்டுப் பாவு என்ன நிறம் என்று கேட்பேன். அரக்கு என்பார். அடுத்தது? மாம்பழ மஞ்சள். அதற்கடுத்தது? கொஞ்சம் யோசித்து, மயில் கழுத்து என்பார். எல்லாம் சரியாக இருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பரவாயில்லை, தேறிவிடுவார் என்று தறிக்குப் போய் உட்காருவேன். அன்றைக்கு முதுகுவலி கொஞ்சம் குறைவாக இருக்கும்.

ஸ்டேஷன் ஒன்றோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு கூட்ஸ் ஷெட் வந்தது, வாலாஜாபாத் வந்தது, அப்புறம் பழையசீவரம். பழையசீவரத்துக்கு எதிரில் பாலாற்று மணலும், அக்கரையில் திருமுக்கூடல் கோயிலும் கட்டாயம் வேண்டும் என்றார். விடிகாலை வண்டியில் அந்த இடத்தைத் தாண்டும்போது கரி அள்ளுகிற மண்வெட்டியை வைத்துவிட்டுக் கோயில் பக்கம் ஒரு கும்பிடு போடுவாராம். நிஜமான பாலாற்று மணலே வேண்டும் என்றதால், அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது முந்தானையில் முடிந்துகொண்டுவந்தேன். கெட்ட கேட்டுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே கொட்டினேன்.

ஆனால் பழையசீவரம் ஸ்டேஷனைப் பார்த்தபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. முதல் ஸ்டேஷனில் இருந்த கோடும் பாசியும் ஒன்றும் இல்லை. நான்கு சுவரும் கூரையும் ஒரே கறுப்பு. தீப்பிடித்து எரிந்த வீடுபோல் இருந்தது. அக்கரைக் கோயிலும் கறுப்பு. ரயில் ஆற்றைத் தாண்டிப் போவதேயில்லை, அங்கே புகை எப்படிப் போயிற்று? கேட்டேன். இன்னும் போதவில்லை, பளிச்சென்றுதான் இருக்கிறது என்று சொல்லி மறுபடி தூரிகையைத் தோய்த்தார். மனசு சரியில்லாதவர், மனசில் இருக்கிற கறுப்பையெல்லாம் கொட்டுகிறார் என்று விட்டுவிட்டேன். களைத்துப்போனவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சுலபமான காரணம் கிடைத்துவிடும். பழைய ஸ்டேஷனையும் எடுத்துவைத்துத் தினம் ஒரு பூச்சு பூச ஆரம்பித்தார். பொங்கல் நெருங்கியபோது பலகைமேல் இருந்த அத்தனையும் கரிச்சட்டிபோல் ஆகிவிட்டன.

போகிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாழியில் போட்டுக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் நீலம் கலந்து வைத்திருந்தோம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று மாமியார் இவரைக் காலையிலேயே வெளியில் அனுப்பிவிட்டார். இவருக்கு வேறு எங்கே போகத் தெரியும்? ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். கால் பழகின வழி. நான் மேல் சுவரை அடித்தேன், மாமியார் கீழ்ச் சுவரை அடித்தார். மதியம் தாண்டி வேலை முடிந்தது. வெள்ளையடித்த மட்டையையும் சட்டியையும் கழுவ நான் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மாமியார் பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். ஈர்க்குச்சியில் துணி சுற்றிக்கொண்டு, மீந்த சுண்ணாம்பில் தோய்த்துத் தோய்த்து அடித்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் ஸ்டேஷன் முடிந்திருந்தது. கூட்ஸ் ஷெட், வாலாஜாபாத், பழையசீவரம், ஆற்றுக்கு அக்கரையில் கோயில், எல்லாம் வெள்ளை வெளேரென்று. அதோடு விட்டாரா? ஒவ்வொரு சுவரின் அடியிலும் காவியால் அழகாகப் பட்டை தீட்டியிருந்தார். பொங்கலுக்கு எங்கள் வாசல் சுவரில் போடுகிற அதே பட்டை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எத்தனை மாசத்து உழைப்பு, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போயிற்றா என்று கத்திவிட்டேன். மாமியாரை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"பொங்கல் தாண்டினா பரிச்சைக்கு போற புள்ள. ஊட்டு செவுத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சிட்டு, நடு ஊட்டுல இத்தினி ஊட்டைக் கறுப்பா வச்சிக்கினு இருந்தா நல்லது எப்பிடிமா உள்ள வரும்? நானும் எல்லாம் செஞ்சிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி இருந்துது."

அவரும் அந்தப் பரிசோதனைக்காகத்தான் படித்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரிந்த பாடத்தை. இருந்தாலும் கோபம் அடங்கவில்லை. இவர் வந்து பார்த்து என்ன ரகளை செய்யப்போகிறாரோ. சுரண்டி எடுக்கலாமா என்று பார்த்தேன். கஞ்சிக் கரியின்மேல் சுண்ணாம்பு நன்றாக உறிஞ்சிக்கொண்டுவிட்டது. அட்டையோடுதான் வரும். வருவது வரட்டும் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

சாயங்காலம் வெயில் இன்னும் இருக்கும்போதே வந்துவிட்டார். முற்றத்தில் கால் கழுவினார். வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. நன்றாக அடித்தீர்களா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே வந்து, வழக்கமான இடத்தில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். முற்றத்து வெயில் நேராக அந்த ஸ்டேஷன்மேல் விழுந்து, எனக்கே கண் கூசியது. மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காப்பி டம்ளரோடு நின்றேன்.

இவர் ஸ்டேஷனைப் பார்த்தார். தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு வேலையை முடித்தவர் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நேத்து பூசினது நல்லா காஞ்சிருக்குது. இப்பதான் கறுப்பு சரியா புடிச்சிருக்குது, பாத்தியாமா?"

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபத்தை அப்படிக் காட்டுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கேலி இல்லை. திருப்தி இருந்தது. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆமாங்க, நல்லா இருக்குது" என்றேன்.

காப்பியை அவர் கையருகே நீட்டினேன். அவர் கை டம்ளரைத் தேடியது. அது எப்போதிலிருந்து தேடுகிறது என்று அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். சுவரோரமாகவே நடப்பது, சொம்பில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு விரலை உள்ளே விட்டுக்கொள்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தெருப் பாவின் நிறங்கள்? யார் வீட்டில் எந்த நிறம் தறிக்கு ஏறப்போகிறது என்று முந்தின நாள் நானும் மாமியாரும் பேசிக்கொண்டிருப்போம், இவர் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஸ்டேஷன் கறுத்துக்கொண்டே போனதற்கும் காரணம் மனசு இல்லை. தான் பூசிய கரி தனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று மேலும் மேலும் பூசியிருக்கிறார்.

பரிதாபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். என்னிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா? தினமும் வாசலில் உட்காரவைத்து நிறம் கேட்ட என்னை என்னவென்று நினைத்தார்? அப்புறம் அந்தக் கோபமும் நிற்கவில்லை. நிற்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

போகியன்று தெருவில் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன. இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்தபோது மாமியார் மறுபடி பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். சோற்றுப் பானையின் அடிக்கரியைச் சுரண்டிக் கஞ்சியில் குழைத்து, தான் அடித்த வெள்ளையின்மேல் தன் கையாலேயே கரி பூசிக்கொண்டிருந்தார். காவிப் பட்டையும் போயிற்று. அக்கரைக் கோயிலுக்கு வந்தபோது மட்டும் கையைச் சேலையில் துடைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பூசினார்.

"யாராச்சும் வந்து, இன்னாபா ஸ்டேஷனுக்கு வெள்ளையடிச்சிருக்கீங்களேன்னு அவன்கிட்ட கேட்டுட்டா இன்னா பண்றது?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் கோடு இழுக்கத் தெரியாது, மழைத் தண்ணீர் இறங்குகிற கணக்கு தெரியாது. எருமையைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்தோம். கை முழுக்கக் கரி. அன்றைக்கு வெட்டவேண்டிய சேலை தறியிலேயே கிடந்தது. கரிக்கையோடு பட்டைத் தொட முடியுமா?

பொங்கல் முடிந்து பரிசோதனைக்குப் போனார். அந்த டிரைவரே வந்து அழைத்துக்கொண்டு போனார். போகவேண்டாம் என்று சொல்லாமல், துவைத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். மாமியார் விபூதி பூசி அனுப்பினார். மறுநாள் மதியம் திரும்பினார்கள். டிரைவர் வாசலோடு போய்விட்டார், உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

இவர் நேராகக் கூடத்துக்கு வந்து பலகை முன்னால் உட்கார்ந்தார். "எழுத்துப் பலகையைப் படின்னாங்க. பலகை எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேட்டேன். அதோட முடிஞ்சுபோச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சொல்லிக்கொண்டே காஞ்சிபுரம் ஸ்டேஷனின் கூரையைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் கீறினார். கரிப் பொருக்கு உதிர்ந்து அடியில் வெள்ளை தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. அவர் அந்தப் பொடியை இரண்டு விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், நாக்கு நுனியில் வைத்தார். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அந்தக் காரம் தெரியாமல் போகாது.

"சுண்ணாம்பு" என்றார்.

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் விரல்கள் சுவரில் இறங்கி, அடிப்பட்டைவரை போயின. எப்போது அடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு அடித்த அன்றைக்கே என்றேன்.

"அன்னிக்கு சாயங்காலம் கறுப்பு நல்லா புடிச்சிருக்குதுன்னு சொன்னேனே. அப்ப இது வெள்ளையா இருந்துதா?"

"ஆமா."

"நீ நல்லா இருக்குதுன்னே."

"ஆமா."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் கையை ஸ்டேஷன்மேலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"வெள்ளையா இருந்தப்ப எப்பிடி இருந்துதுமா?"

சொன்னேன். கூரைவரை வெள்ளை, அதில் துளி நீலம் என்றேன். அடியில் அத்தை காவிப்பட்டை போட்டார், கூட்ஸ் ஷெட்டுக்கு மட்டும் பட்டை கோணலாகப் போய்விட்டது என்றேன். ஆற்று மணலில் இரண்டு சொட்டு சுண்ணாம்பு விழுந்திருக்கிறது, அக்கரைக் கோயிலின்மேல் வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது என்றேன். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாசி என்ன ஆயிற்று என்றார். அதன்மேலும் அடித்துவிட்டார் என்றேன். உள்ளேயிருந்து மாமியார் அழுகிற சத்தம் கேட்டது. "பரவால்ல, பொங்கலுக்கு எல்லா ஸ்டேஷனுக்கும் அடிக்கிறதுதான்" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் காலை வாசலில் வந்து உட்கார்ந்தார். கோடிவீட்டுப் பாவு என்ன நிறம் என்று என்னைக் கேட்டார். தறியில் வேலை கிடக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது. நின்று பார்த்து, அரக்கு என்றேன். வெயில் படுகிற இடத்தில் எப்படி இருக்கிறது, நிழலில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அன்றிலிருந்து பார்த்துச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மற்ற வேலை எதுவும் அதற்காகக் குறைந்துவிடவில்லை.